இருளப்பனின் இருபத்தெட்டு

ஆயுத பூஜையன்று காலையில், மலாயாத் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயில் முன்னால் இருளப்பன் தன் சாமான்களைப் பரப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எட்டு உளி, எட்டு அரம், குறடு, சுத்தியல், ரம்பம், இழைப்புளி, துளை போடும் துறப்பணம், ரசமட்டம், போதாததற்கு இந்தத் தோட்டத்தில் எந்த நட்டுக்கும் பொருந்தாத ஸ்பேனர்கள். மொத்தம் இருபத்தெட்டு. ஆசாமி தச்சனா என்றால் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தன் கையால் ஒரு மணைப்பலகை செய்ததில்லை. வேலை செய்தால் முனை மழுங்கிவிடுமாம்! ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடிய அன்று ஊரே பங்களாவுக்குள் புகுந்து கம்பளியும் பால்டின்னும் தூக்கியபோது, இவன் இழைப்புளியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். பெண்டாட்டி மணியம்மாவின் வெள்ளிக் கொலுசு பிரிஞ்சாங் டவுனில் ஹாஜா மைதீன் கடைக்குப் போய்த் துறப்பணமாகத் திரும்பி வந்தது. விளக்குக்கே எண்ணெய் இல்லாத காலத்தில், மலைப்பனியில் துரு ஏறாமல் இருக்கச் சாமான்களுக்கு எண்ணெய் தடவினான். இரவல் மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் அந்தச் சாமானின் பெயர், பிறப்பு, உபயோகம் எல்லாவற்றையும் அரை மணி நேரம் விளக்கிவிட்டு, தராமலே அனுப்பிவிடுவான்.

இப்போது சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று ஜப்பான்காரன் உத்தரவு வந்திருந்தது. வெட்டுக்கத்தியும் மண்வெட்டியும் போக வீட்டுக்கு ஒரே ஓர் இரும்புச் சாமான்தான். மிச்சத்தை ஏற்றிப்போக வெள்ளிக்கிழமை லோரி வரும். இருளப்பன் எல்லாவற்றையும் மரவள்ளிக் கொல்லையில் புதைத்துவைத்திருந்தான். பூஜை வியாழக்கிழமை.

"இந்த வருசம் வேணாங்க. மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும்," என்று விடியற்காலை அவன் தோண்டும்போதே மணியம்மா கெஞ்சிப் பார்த்தாள்.

"வருசத்துல ஒரு நாளு, புள்ள. பொட்டு வைக்காம விடச் சொல்றியா? லோரி நாளைக்குத்தானே லா."

உண்மையைச் சொல்ல வேண்டுமே, சாமிக்காக மட்டுமில்லை. நாலு பேர் பார்க்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் லயத்து வரிசைவீட்டு ஜனங்கள் தங்கள் கத்தியையும் மண்வெட்டியையும் ஓரமாக வைத்துவிட்டு, இவன் சாமான்கள் முன்னால் வாயைப் பிளந்து நிற்பார்கள். அந்தப் பெருமைக்கு அவன் எதையும் கொடுப்பான்.

கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே லோரி வந்துவிட்டது. ஒரு நாள் முன்னதாக.

இருளப்பன் சாமான்களைப் பார்த்தான். வாரிச் சுருட்டலாம் என்றால் பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அப்படியே தொட்டாலும் எங்கே கொண்டு ஓடுவது? ஜப்பான் அதிகாரி இறங்கி வந்தான். கூடவே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. மஞ்சள் பொட்டு வைத்த இருபத்தெட்டும் வெயிலில் பளபளவென்று மின்னின. அந்த நேரத்திலும் 'என்னமாய் மின்னுகிறது பார்!' என்றுதான் அவன் மனம் சொன்னது. வெட்கம் கெட்ட மனம்.

அதிகாரி மலாயில் ஏதோ கத்தினான். "இதெல்லாம் யாருதுன்னு கேக்குறாரு," என்றார் கிராணி.

எல்லாம் என்னுது என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் ஒன்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் அள்ளிப் போடுவான், பதுக்கியதற்கு அடியும் விழும். சொல்லாவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாது.

"அந்த ரசமட்டம் எங்க வீட்டுதுங்க." கூட்டத்திலிருந்து மாரியம்மா முன்னால் வந்தாள். கோழிக்கூடு அடிக்கச் சுத்தியல் தராததற்காக இரண்டு வருஷமாக அவனோடு பேசாதவள்.

அதிகாரி நம்பவில்லை. அது எதற்கென்று கேட்டான்.

"தரை மட்டமா இருக்கான்னு பாக்குறது. குமிழி நடுவுல நின்னா சரி. இங்கிலீசு சாமான். கீழ போட்டா கண்ணாடி போயிரும்."

இருளப்பனுடைய சொற்கள். ஒன்று பிசகவில்லை! அடிப்பாவி, போன பூஜையில் அவன் விளக்கியபோது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதானே நின்றாள்?

"துறப்பணம் என்னுது," என்றான் நாகப்பன். "பட்டை அரம் எங்களோடது." "அந்த அரையங்குல உளி." ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் பெயர் பிசகாமல், என்ன வேலைக்கென்று சொன்னார்கள். மணியம்மா தன் வீட்டுக்கு இழைப்புளியைச் சொன்னாள். கிராணி எழுதிக்கொண்டே போனார், தலை நிமிரவில்லை. லயத்தில் இருபத்தாறு வீடு. கேட்க ஆள் இல்லாத இரண்டு ஸ்பேனர்கள் மட்டும் லோரியில் ஏறின.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் அவரவர் பெயருக்கு எழுதியதை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். அதிகாரி எந்த நேரமும் வீடு வீடாக வந்து பார்ப்பான். திருப்பிக் கேட்க முடியாது. இருளப்பன் கேட்கவும் இல்லை. வாசற்படியில் குந்திக்கொண்டான். பனி இன்னும் விலகவில்லை. எதிர் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு கீறல் சத்தம். பிறகு டொக் டொக்கென்று ஒன்று. பிறகு லயம் முழுக்க.

"போய்ச் சொல்லிக் குடுங்களேன், ஒடைச்சிரப் போறாங்க," என்றாள் மணியம்மா.

"சும்மா இரு, புள்ள. கேளு." அவன் கையைத் தூக்கினான். வாங்கிய நாளிலிருந்து அவற்றின் சத்தத்தை அவனே கேட்டதில்லை. "அது பட்டை அரம். அந்தா, துறப்பணம் மரத்துல எறங்குது, கேட்டியா? நாகப்பன் அழுத்துறான், மடையன்... ம், இப்ப சரி. அது ரம்பம்."

பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. அவன் விரல் மடக்கி எண்ணினான். பதினேழு, பதினெட்டு.