ஒரு சைஸ் பெரிய செருப்பு

…கையை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், பிறகு பெயரைச் சொல்லி, தொடலாமா என்று கேட்டுவிட்டு, வலது பக்கமாகப் போய் நிற்க வேண்டும், வலது பக்கம் என்றால் நோயாளியின் வலது, தன்னுடைய வலது இல்லை, இதில்கூடவா சந்தேகம், ஆனால் படிப்பை முடித்து இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த கைக்கு எதில்தான் சந்தேகம் வராது… வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் இங்கே வேலைக்குப் போக வேண்டுமென்றால் பொது மருத்துவ வார்டில் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்து ஒரு மாதம் பயிற்சி முடித்திருக்க வேண்டும். போன வருஷம் அவளுக்குக் கிடைத்தது வேடிக்கை பார்க்கிற பயிற்சிதான், சுவரோரமாக நில், கையைப் பின்னால் கட்டிக்கொள், எதையும் தொடாதே. அவளும் கட்டிக்கொண்டுதான் நின்றாள், கண்ணெதிரே இன்னொருவர் ஒரு வயிற்றைத் தட்டிப் பார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் அவள் விரல்கள் தானாகத் தட்டிக்கொண்டன, பசித்தவன் சாப்பாட்டுக்கடை வாசலில் நிற்பதைப் போல… இப்போதுதான் தொடுகிற பயிற்சி வாய்த்திருக்கிறது, இன்னும் பாதி பாக்கி, நடுவில் ஊருக்குப் போனால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். ஊருக்குப் போவதைப் பற்றி இப்போது யார் பேசினார்கள், யாரும் பேசவில்லை, அப்பா செருப்பைத்தான் காட்டினார்.

நேற்று சாயங்காலம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவராகவே காலைத் தூக்கி ஃபோனுக்கு முன்னால் நீட்டி, புதுசு, எப்படி இருக்கு என்றார். நல்லா இருக்குப்பா என்றாள். அம்மா பின்னாலிருந்து, உங்கப்பாவுக்கு இந்த வயசில் கால் வளருது, ஒரு சைஸ் பெரிசா வாங்கிட்டு வந்திருக்காரு, ராத்திரியில் மூணு தலகாணி வேற, மகாராஜா படுக்கை என்று கிண்டல் செய்தாள். அப்பா சிரித்தார், சிரிப்பின் நடுவில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சிரித்தார். செருப்பைக் கழற்றியபோது பட்டை இருந்த இடம் புறங்காலில் பள்ளமாகத் தெரிந்தது, பிறகு அவர் வேறு என்னென்னவோ பேசினார், பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது… வெளிச்சம் சரியில்லை, ஃபோன் பழசு, எல்லாவற்றையும் நோயாகவே பார்க்கிறது டாக்டர்களின் வியாதி, அதிலும் அரை டாக்டர்களுக்கு அது முற்றின வியாதி. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஏன் வேறொன்றும் கேட்கவில்லை?

“இது என்ன மியூசியமா? கையை வைங்க டாக்டர்.”

பெரிய டாக்டரின் குரல். கட்டில் பக்கத்தில் வந்து நின்றாயிற்று, பெயரைச் சொல்லியாயிற்று, அனுமதி கேட்டாயிற்று, எல்லாம் முறையாகச் செய்துவிட்டுக் கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்ற பயிற்சி டாக்டர்கள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். கட்டிலில் இருந்த அம்மாள் அப்படியெல்லாம் பாடுபடவில்லை, நன்றாகவே சிரித்தாள், பிறகு இருமினாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், வார்டில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா, நேற்று ராத்திரி மூச்சு முட்டுகிறது என்று வந்து சேர்ந்திருக்கிறாள், முதுகுக்குப் பின்னால் தலையணை, ஒன்று, இரண்டு… மூன்று. எண்ணாமல் இருந்திருக்கலாம்.

கழுத்து நரம்பு காது மடல்வரை எழும்பித் துடித்தது, முதுகில் காதுக்குழலை வைத்தால் அடியில் ஈரமான சத்தம், உப்பை வாணலியில் போட்ட மாதிரி சின்னச் சின்னதாக, அப்புறம் கால். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், சதை மெதுவாக உள்ளே போயிற்று. அப்பாவும் இப்படித்தான் அழுத்துவார், செருப்புக்கடையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஷூவின் நுனியில் கட்டைவிரலை வைத்து, இங்கே இடம் இருக்கா சார், விரல் இடிக்குதா சார் என்று, ஆயுள் முழுக்க அடுத்தவர் காலைப் பிடித்தே அவளைப் படிக்க வைத்தவர். போன தடவை வாங்கினதைவிட ஒரு சைஸ் பெரிசு கொடுங்கள் என்று யாராவது கேட்டால் விடமாட்டார், வளர்ந்தவங்களுக்குக் கால் வளராது சார், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், கால் மாறாது…

“கை இங்கே இருக்கு, ஆள எங்கேம்மா காணோம்?” என்றாள் டிரைவரம்மா. “இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டவ மாதிரி முழிக்கிறியே.”

சட்டென்று விரலை எடுத்தாள். இவ்வளவு நேரமாகவா அழுத்திக்கொண்டிருந்தோம், காலில் ஒரு பெரிய குழி, அவளுடைய விரல் அளவுக்கு அச்சாக. மன்னிச்சுக்கங்கம்மா என்றாள். பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சொல்லுங்க என்றார். சொன்னாள், தலையணையிலிருந்து தொடங்கி, கழுத்து, நெஞ்சு, கால், இதயம் ஓய்ந்துபோய் நீர் தேங்குகிறது, ஒன்றையும் விடவில்லை, குரல்கூட நடுங்கவில்லை. சரி, இப்ப என்ன செய்வீங்க என்றார். நீர் பிரிய ஊசி போடணும், ஈசிஜி, எக்கோ. எப்போ?

“இன்னைக்கே டாக்டர். தள்ளிப் போடக் கூடாது.”

அவள் வாய்தான் சொன்னது. காதும் அவளுடையதுதான். பெரிய டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார், நல்லா பாத்தீங்க என்று போகிற போக்கில் சொன்னார், அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பாள், அது வந்தபோது வைக்க இடமில்லாமல் போயிற்று.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் படிக்கட்டுப் பக்கம் போய் அம்மாவை அழைத்தாள். அப்பா காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்புமேல கட்டைவிரலை வெச்சு அழுத்து, கொஞ்ச நேரம் எடுக்காதே, என்றாள். எதுக்குடி என்று கேட்டுக்கொண்டே அம்மா ஃபோனை எங்கேயோ வைத்தாள், கட்டில் கிறீச்சிட்டது, இங்கேயா, இன்னும் கீழயா என்று கேட்டாள், அப்புறம் விரலை எடுத்துப் பார்த்தாள் போலிருக்கிறது.

“குழி விழுதுடி… எழும்பவே மாட்டேங்குது.” அம்மா இப்போது கிண்டல் செய்யவில்லை.

“இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. இப்பவே கிளம்புங்க.”

தூரத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது, அவ நேத்தே பாத்துட்டா, சொல்லட்டும்னு இருந்தேன், என்று யாரிடமோ சொல்வதைப் போல. அவள் படியில் உட்கார்ந்தாள். காய்ச்சலைக்கூட வெயில் என்று சொல்லிச் சமாளிக்கிற மனுஷன், தலைவலி என்று ஒருநாளும் வாய் திறந்தவரில்லை… கால் வளராது என்று ஊருக்கே சொன்னவர், தன் காலுக்கு ஒரு சைஸ் பெரிசாக எடுத்தபோது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும். நேற்று அவர் காட்டியது செருப்பையா, காலையா?

நீ எப்ப வர்றே என்று அம்மா கேட்டாள். கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது. ஒரு கை ஃபோனைப் பிடித்திருந்தது, இன்னொரு கை எங்கே என்று பார்த்தாள்… அது எப்போதோ போய் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.