விழுந்தவள் கிடக்கக் கூடாது

வைதேகி பயிற்சி கொடுக்கும் கூடைப்பந்து அணியில் ஒரே ஒரு சட்டம்தான். ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் விழலாம், விழுந்து கிடக்கக் கூடாது. ஒருத்தி தரையில் கிடந்தால் மற்ற எல்லோரும் நாக்குத் தள்ளும் வரை மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். கிடந்தவள் மட்டும் நிழலில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். எந்தப் போலீஸ்காரனுக்கும் இப்படி ஒரு தண்டனை தோன்றியிருக்காது. தன்னால் தோழிகள் வாந்தியெடுப்பதை ஒருமுறை பார்த்தவள், அடுத்த முறை கணுக்கால் பிசகினாலும் நின்றுகொண்டுதான் அழுவாள்.

பெண்கள் லேசுப்பட்டவர்களா என்ன, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எவளாவது விழுந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் பாய்ந்து அக்குளில் கைகொடுத்து, மேடத்தின் பார்வை திரும்புவதற்குள் அவளை நிமிர்த்தி நிறுத்திவிடுவார்கள். இது வைதேகிக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருந்துகொண்டு உள்ளூரச் சந்தோஷப்பட்டாள். டீம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மற்ற கோச்சுகளிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள்.

மயிலாப்பூரில் அந்தக் கல்லூரிக்கு அவள் வந்தபோது குருபிரசாத் தலைமைக் கோச். இவள் துணைக் கோச் என்பது பேருக்குத்தான், செய்தது பந்து மூட்டை சுமக்கிற வேலை. ஜெயித்தால் மேடையில் அவர் நிற்பார், தோற்றால் பிரின்சிபால் அறையில் இவள் நிற்பாள். அவர் அடையாறில் வேறொரு கல்லூரிக்குத் தாவிய பிறகுதான் அந்த நாற்காலி இவளுக்கு வந்தது, அதுவும் தற்காலிகம் என்கிற வாலோடு. இந்த வருஷம் கரஸ்பாண்டென்ட் ஸ்ரீரங்கன் கூப்பிட்டு, காபி கொடுத்து, நிபந்தனையும் போட்டார்.

"கோப்பை வந்தா உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேம்மா. வரலேன்னா நான் வேற ஆளைப் பார்த்துண்டுதான் ஆகணும். கமிட்டியில என்னைப் பிடுங்கி எடுக்கறா."

கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையின் இறுதி ஆட்டம் தி. நகரில், கூரை போட்ட ஓர் அரங்கில். எதிரே நின்றது குருபிரசாத்தின் அணி. இத்தனை வருஷம் மூட்டை தூக்க வைத்தவரின் அணி என்றால் வைதேகிக்குக் கேட்கவா வேண்டும்.

முதல் பாதியிலேயே ரத்தம் பார்த்தாயிற்று. எதிரணியின் நெட்டைக்காரி வர்ஷினியின் முழங்கை பட்டு இவர்கள் கேப்டன் ஹம்சினியின் உதடு கிழிந்தது. ஹம்சினி ரத்தத்தை ஜெர்ஸியில் துடைத்துக்கொண்டு வைதேகியிடம் வந்தாள்.

"அடி வாங்கிட்டு வந்து என்கிட்ட காட்டாதடி. குடுத்துட்டு வந்து சொல்லு."

ஹம்சினி போய்க் கொடுத்தாள். கூடையில் பட்டுத் திரும்பிய பந்துக்கு அடுத்த முறை எழும்பியபோது அவளுடைய முட்டி வர்ஷினியின் தொடையில் இறங்கியது. அதன் பிறகு பந்து எங்கே போனது என்று யாருக்கும் கவலையில்லை. நகம் கீறியது, முடியைப் பிடித்து இழுத்தார்கள், ரெஃப்ரி விசில் ஊதி ஊதி மூச்சு வாங்கினார். எல்லாவற்றுக்கும் நடுவில் ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தவள் இஃப்ரா. ஜாம்பஜாரில் ஜாக்கெட்டுகளில் ஜரிகையால் பூப்போடும் ஆரி வேலை செய்கிற வஜீஹாவின் ஒரே மகள். ஆள் குட்டைதான், ஆனால் நெட்டைகளின் தலைக்கு மேலே எழும்பிப் பந்தைப் பறித்துக்கொண்டு வருவாள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது இஃப்ரா பந்தோடு கூடையை நோக்கி எழும்பினாள். வர்ஷினி அவள் காலுக்கடியில் புகுந்து இடுப்பால் முட்டினாள். இஃப்ராவின் கால்கள் மேலே போயின, தலை கீழே வந்தது. அது தரையில் மோதிய சத்தம் கேலரியின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

வைதேகிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கழுத்து இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. யாரும் தொடக்கூடாது என்று கத்த வேண்டும். அவள் நாற்காலியை விட்டு எழுந்து வாயைத் திறப்பதற்குள், அவளே பழக்கிவிட்ட அந்த வேகத்தில், ஹம்சினி ஒரு பக்கமும் இன்னொரு ஆட்டக்காரி சாய்மா மறுபக்கமும் பாய்ந்து இஃப்ராவைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். இஃப்ராவின் தலை பின்னால் தொங்கி, மார்பில் விழுந்து, தோளில் சாய்ந்தது.

ஹம்சினி கிழிந்த உதட்டோடு பெஞ்சைப் பார்த்துச் சிரித்தாள்.

"நிக்கிறா மேடம்."

அவள் நிற்கவில்லை. நான்கு கைகளில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரில் கிடத்தும்போது கண்ணைத் திறந்து, "மேடம், என் கை எங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். கை அவள் வயிற்றின் மேல்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு குருபிரசாத் வந்தார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

"வைதேகி, இதோட நிறுத்திடலாம். இன்னொரு நாள் ஆடிக்கலாம்."

வைதேகி ஸ்கோர் பலகையைப் பார்த்தாள். ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தார்கள். கேலரியில் ஸ்ரீரங்கன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் யாராவது அவளை ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். யாரும் விடவில்லை.

"ஆடறோம் சார்."

அழுதுகொண்டே ஆடினார்கள். அழுதுகொண்டே அடித்தார்கள். ஹம்சினி நேராகப் போய் வர்ஷினியின் மூக்கை நெற்றியால் முட்டி உடைத்தாள். ரெஃப்ரி அவளை வெளியே துரத்தினார். மீதிப் பேர் வெறி பிடித்தவர்களாக ஆடி, கடைசியில் ஜெயித்தும் விட்டார்கள். அந்தக் கோப்பையை யார் வாங்கினார்கள் என்பதுகூடப் பிறகு யாருக்கும் ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "விழுந்ததுல கழுத்தெலும்பு உடைஞ்சிருக்கு. அதோட போயிருந்தா சரி பண்ணியிருக்கலாம். தூக்கினதுல நரம்பு நசுங்கியிருக்கு. தோளுக்குக் கீழ இப்போதைக்கு உணர்ச்சி இல்ல. யாரு தூக்கினது?"

ஸ்ரீரங்கன் வைதேகியைத் தனியாக ஓரங்கட்டினார்.

"குழந்தைகள் பதட்டத்துல தூக்கிட்டான்னு சொல்லு. அதானே நடந்தது? நீ எதையும் இட்டுக்கட்ட வேண்டாம். உன் ஆர்டர்ல நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

வைதேகி தலையாட்டினாள். அதில் பொய் எதுவும் இல்லையே என்று மனசு சமாதானம் சொன்னது. மனசுக்கென்ன, அது எதற்கும் சமாதானம் சொல்லும்.

வஜீஹா படியேறி ஓடிவந்தாள். விரல்களில் ஜரிகைத் துணுக்கு ஒட்டியிருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டதும் ஜெர்ஸியோடு வரிசையாக நின்ற பெண்களின் பக்கம் திரும்பினாள்.

"யாருடீ தூக்குனது எம் பொண்ண?"

"நான்தான் ஆன்ட்டி," என்றாள் ஹம்சினி.

வஜீஹா அவள் பின்னலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். மறுபடியும் மோதினாள். ஹம்சினி தடுக்கவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். வைதேகி பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருந்தால் வேலை அவளுடையது, பழி இந்தப் பெண்ணுடையது. ஸ்ரீரங்கன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளை விடுங்கம்மா." வைதேகி முன்னால் வந்தாள். "விழுந்தவளை உடனே தூக்கி நிறுத்தப் பழக்கினது நான்தான். எவளாவது கிடந்தா மத்தவங்களைச் சாகற மாதிரி ஓட விடுவேன். அந்தப் பயத்துல தூக்கினாங்க. அப்புறமும் நான் மேட்ச்சை நிறுத்தல, ஆடச் சொன்னேன்."

ஸ்ரீரங்கன் படியிறங்கிப் போனார். அவரோடு அந்த வேலையும் போயிற்று.

வஜீஹா ஹம்சினியை விட்டுவிட்டு வந்து வைதேகியின் கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறைக்குக் கை ஓங்குவதற்குள் ஹம்சினி பாய்ந்து அவளை மார்பில் கைவைத்துத் தள்ளினாள். தங்கள் ஆளை அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வஜீஹா இரும்பு நாற்காலிகளின் மேல் போய் விழுந்து, அங்கிருந்து தரையில் சரிந்தாள். ஹம்சினி இன்னும் முஷ்டியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

தான் வளர்த்துவிட்டது இதைத்தான் என்று வைதேகி அப்போது நன்றாகப் பார்த்தாள். ஹம்சினியின் மணிக்கட்டைப் பிடித்து அப்பால் நகர்த்தினாள்.

"யாரும் கிட்ட வரக்கூடாது."

பிறகு வஜீஹாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வஜீஹா எழுந்து உட்கார்ந்து அடித்தாள். முகத்தில், தோளில், நெஞ்சில், கை போன இடத்திலெல்லாம் அடித்தாள். வைதேகியின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து புடவையில் சொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வஜீஹாவின் கை ஓய்ந்தது, மூச்சு இரைத்தது.

"கையாச்சும் வருமா மேடம்? அதையாச்சும் சொல்லு."

வைதேகிக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னாள். வஜீஹா மறுபடியும் அடிக்கத் தொடங்கினாள்.