பின்சக்கரத்துப் பாரம்

உறைபனி என்றால் என்னவென்று ராமதாசுக்குத் தெரியாது. மரத்தூளில் புதைத்து விற்கிற ஐஸ் கட்டி தெரியும், அவ்வளவுதான். அது மூட்டை மூட்டையாக வானத்திலிருந்து கொட்டும், தெருவை மூடும், அதன் மேல் கார் ஓட்டுகிறவன்தான் ஆண்பிள்ளை என்று அந்த ஜப்பான் அதிகாரி உடைந்த மலாயில் நாள் தவறாமல் அளந்துகொண்டிருந்தான். கேட்டுக் கேட்டு ராமதாசுக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டான்.

கார் ஒரு வெள்ளைக்கார வக்கீலுடையது. ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டபோது, துரை சாவியை ராமதாசின் கையில் திணித்துவிட்டுக் கப்பலேறிவிட்டான். ஊர் விழுந்ததும் அதிகாரி காரையும் டிரைவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் டிக்கி மூடியைத் தூக்கினால் இன்னும் இரண்டு பேருக்குத் திறந்த இருக்கை. மூக்கு நீளம், வால் லேசு, தள்ளுவதெல்லாம் பின்சக்கரம். மழை நாளில் பாலிக் பூலாவ் மலைச்சாலையில் ஏறினால் சிவப்பு மண் வழிந்து கிடக்கும், வண்டியின் வால் ஒரு பக்கமாக ஓடும். அதிகாரிக்கு அதுதான் வேண்டும். மழை பிடித்தால் போதும், கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ராமதாசுக்கு டிரைவர் என்று பெயர்; பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், சிக்கினால் தள்ளுவதும், வந்தபின் கழுவுவதுமே வேலை.

தன் ஊரில் குளிர்காலத்தில் வாலில் பாரம் ஏற்றுவார்கள் என்றான் அதிகாரி. முதலில் மணல் மூட்டை வைத்தான். மூட்டை நனைந்து தோல் இருக்கையெல்லாம் சகதியானது. அதோடு, மூட்டை வளைவில் சாயாது. மனிதன் என்றால் வலது என்று கத்தினால் வலது பக்கம் சாய்வான், இடது என்றால் இடது. ஆகவே டிக்கியில் ஓர் ஆள் வேண்டும். நூறு காட்டி, ஏறக்குறைய அறுபது கிலோ, எடைக்குக் குறையக் கூடாது. சீ, மனுஷப் பிறவி இவனுக்கு மணல் மூட்டையாகத் தெரிகிறதே என்று ராமதாஸ் மனதுக்குள் காறித் துப்பினான். ஆனால் அதே மனம்தான் அடுத்த நிமிஷமே கணக்குப் போட்டது.

வீட்டில் மச்சினன் பிச்சைமுத்து இருந்தான், மனைவி ஜெயலெட்சுமிக்கு ஒரே தம்பி. சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போகிறவர்களின் பட்டியலில் அவன் பெயர் ஏறிவிட்டது. போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பி வந்ததாகப் பேச்சில்லை. அதிகாரியின் ஆள் என்று கைப்பட்டை கட்டியிருந்தால் யாரும் தொட மாட்டார்கள். ராமதாஸ் அதிகாரி முன்னால் தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து, மச்சினனை டிக்கியில் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டான். அதிகாரி முத்துவை அரிசிக் கிடங்குத் தராசில் ஏற்றினான். தொண்ணூற்றொரு காட்டி. ஆடு வாங்குகிறவன் போல வயிற்றில் விரலால் குத்திப் பார்த்தான். பட்டையைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிறுப்பேன், அடுத்த முறை நூறு இல்லையென்றால் சயாம் என்றான்.

நாற்பத்து மூன்றாம் வருஷத்தில் ஒன்பது காட்டி சதைக்கு எங்கே போவது? ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று காற்று விட்டுக்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமி தன் பங்கையும் தம்பி தட்டில் போட்டாள். தனக்குப் பசியில்லை என்றாள், எலும்பு துருத்திக்கொண்டு நின்ற கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு. முத்து சப்புக் கொட்டித் தின்பதைக் கேட்கக் கேட்க ராமதாசுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவனும் பசித்துத் தின்னவில்லை, பயந்து தின்றான். இது தெரிந்தும் அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை.

அப்படியும் கூடியது இரண்டே காட்டி. ராமதாஸ் துறைமுகத்தில் உடைந்து கிடந்த தொங்கான் படகிலிருந்து ஒரு துண்டு சங்கிலியைக் கழற்றி வந்தான். ஏழெட்டுக் காட்டி தேறும். முத்துவின் இடுப்பில் துணி சுற்றி, அதன்மேல் சங்கிலியைச் சுற்றி, சட்டையை இறக்கிவிட்டான். திங்கட்கிழமை தராசு முள் நூற்றொன்றில் நின்றது. அதிகாரி பல்லைக் காட்டினான்.

மூன்று வாரம் ஓடியது. மழையில் நனைந்து நனைந்து இரும்பு துருவேறி, முத்துவின் இடுப்பை அறுத்தது. புண்ணில் சீழ் வைத்தது. துணியை அவிழ்க்கும்போது வரும் நாற்றம் சோற்றிலும் வந்தது, தலையணையிலும் வந்தது. "சத்தம் போடாத முத்து, உசுரு இருந்தாப் போதும்லா" என்று ராமதாஸ் மறுபடி கட்டிவிடுவான். தன் கையை முகர்ந்து பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

நாலாவது வாரம் மலைச்சாலையில் மண் சரிந்திருந்தது. எவனுக்காவது புத்தியிருந்தால் திரும்பியிருப்பான். அதிகாரி இன்னும் வேகமாக ஏற்றினான். வால் சுழன்று, ஒரு பின்சக்கரம் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. முடுக்க முடுக்க அந்தச் சக்கரம் சும்மா சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. முத்துவும் ராமதாசும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். தள்ளுகிற தள்ளில் முத்துவின் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. துணி அவிழ்ந்தது. சங்கிலி சலசலவென்று சேற்றில் விழுந்தது.

அதிகாரி இறங்கி வந்தான். சங்கிலியைப் பார்த்தான், முத்துவின் இடுப்பைப் பார்த்தான். ராமதாஸ் கழுத்தைத் தடவிக்கொண்டான். அதிகாரி சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு மண்டியிட்டு, கையுறை அழுக்காவதைக்கூடப் பார்க்காமல், சங்கிலியைப் பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தில் வளைத்துக் கம்பியால் இறுக்கினான். கார் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டது. எங்கள் ஊரில் உறைபனிக்கு இப்படித்தான் கட்டுவோம், இந்த வெயில் நாட்டுக்கு வந்து எப்படியோ மறந்துபோனேன் என்று சொல்லி ராமதாசின் முதுகில் தட்டிக் கொடுத்தான். நாளைக்கே நீளமாக இரண்டு சங்கிலி வேண்டும் என்றான். முத்துவின் கையிலிருந்து பட்டையை உருவினான்.

"இரும்பு சோறு கேக்காது" என்றான் மலாயில்.

உலகத்தில் கட்டுவதற்கு வேறு சாமானா இல்லை? ஈயத்தைக் கட்டியிருக்கலாம், கருங்கல்லைக் கட்டியிருக்கலாம். உறைபனி நாட்டுக்காரன் முன்னால் கொண்டுபோய்ச் சங்கிலியைக் கட்டிவைத்த தன் மடத்தனத்தை நினைத்து ராமதாஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் முத்துவைப் படகுத்துறையில் கொண்டுபோய் விடும்படி உத்தரவு வந்தது. அக்கரையில் பிறை என்ற ஊரில் ரயில் காத்திருந்தது. அதே கார், அதே டிக்கி. பழக்கதோஷம், வளைவுகளில் முத்து தானாகவே சாய்ந்தான். இறங்கும்போது கோணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"அக்காவ இனிமேயாச்சும் சாப்பிடச் சொல்லுங்க மச்சான்" என்றான். அவ்வளவுதான். வரிசை அவனைத் தள்ளிக்கொண்டு போனது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பின்சக்கரத்திலும் புதுச் சங்கிலி. வண்டி ஒரு விரற்கடைகூட வழுக்கவில்லை. இவ்வளவு நன்றாக ஓடுகிறதே, சனியன், என்று ராமதாஸ் ஸ்டியரிங்கைக் குத்தினான்.

வீட்டில் ஜெயலெட்சுமி தம்பிக்கென்று வைத்த தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். வேளாவேளைக்கு வைத்த கை, இன்றைக்கும் வைத்துவிட்டது. கிழங்கும், எங்கேயோ கடன் வாங்கிய ஒரு பிடி சோறும். ஏதாவது சொன்னானா என்று கேட்டாள்.

ராமதாஸ் தட்டைப் பார்த்தான். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றான்.

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அந்த அறையில் அவன் சப்புக் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.