கழுத்தைக் கட்டி அழ வந்தவர்கள்

"எடுத்துட்டுப் போட்டி அங்கிட்டு," என்றாள் வெள்ளைத்தாய்.

முத்துசெல்வி கழுத்துப்பட்டையைப் பிரித்து மாமியாரின் தாடைக்குக் கீழே பாதிவரை கொண்டுபோயிருந்தாள். வாசலில் அவள் புருஷன் செல்வகணேஷும் இன்னும் இரண்டு பேரும் மாமனாரின் உடலை ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, இன்னைக்கு ஒருநா மட்டும் போட்டுக்கோங்க. வாரவ பூராவும் உங்க கழுத்தப் பிடிச்சுத் தொங்குவாளுவ."

"தொங்கத்தான் செய்வாளுவ. சாவு வீட்டுக்கு வேறெதுக்கு வாராளுவ?"

"எலும்பு ஒட்ட ஆறு மாசம் ஆகும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நாலு மாசந்தான் ஆயிருக்கு. வெடுக்குன்னு யாராவது இழுத்தா தகடு நவுந்துரும், கைகால் விளங்காமப் போயிரும்னு உங்க காதுல விழத்தான சொன்னாரு?"

"விழுந்துச்சு."

"பெறகென்ன?"

வெள்ளைத்தாய் உடம்போடு சேர்த்துத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். "இதப் போட்டுக்கிட்டு நான் உக்காந்தேன்னு வையி. வாரவ பூராவும் எப்ப ஆபரேசன், எந்த ஆஸ்பத்திரி, இன்னும் வலிக்கான்னு என்னையத்தான் கேப்பா. செத்தது நானா, அவியளா?"

முத்துசெல்வி பட்டையைச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

தவசி அன்று விடியற்காலை ஆட்டுக்கிடையைத் திறந்துவிட்டு, டீக்கடையில் வந்து உட்கார்ந்து, நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று சொன்னார். டீ ஆறுவதற்குள் சாய்ந்துவிட்டார். கோவில்பட்டிக்குக் கொண்டுபோன ஆட்டோ பாதி வழியில் திரும்பிவிட்டது. சேதி வந்தபோது வெள்ளைத்தாய் அழவில்லை. "பெஞ்சை எடுத்துப் போடுங்க. தரையில கிடத்த வேண்டாம்," என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. புருஷனுக்குச் செய்கிற மரியாதை என்று பக்கத்து வீட்டு ஆட்கள் நினைத்தார்கள். முத்துசெல்விக்கு மட்டும் காரணம் தெரியும். அந்தக் கழுத்து குனியாது. தரையில் கிடத்தினால் அவளால் புருஷன் முகத்தைப் பார்க்க முடியாது. பெஞ்சில் கிடத்திப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் முகம் நேர் கண்ணுக்கு வரும். சேதி வந்ததற்கும் ஆட்டோ வந்ததற்கும் இடையில், அவ்வளவு நேரத்துக்குள், அவள் இதை யோசித்திருக்கிறாள்.

முப்பது வருஷம் தழைக்கட்டும் தண்ணீர்க்குடமும் சுமந்த கழுத்து. போன மாசியில் கையிலிருந்த டம்ளர் தானாக நழுவி விழுந்தது. பிறகு சாதம் பிசைய விரல் கூடவில்லை. சித்திரையில் மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிடறியில் கீறி, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, தகடும் திருகாணியும் போட்டுத் தைத்தார்கள். கை திரும்பி வந்தது. வலி போகவில்லை. பிடறியில் ஆரம்பித்து இடது தோளில் இறங்கி, முழங்கை வழியாகக் கடைசி இரண்டு விரல் வரைக்கும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. போகப்போகக் குறையும் என்றார் டாக்டர். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, வெள்ளைத்தாயும் கேட்கவில்லை.

விடியும் நேரத்தில்தான் வலி முற்றும். முதல் மாதம் முத்துசெல்வி அவள் பக்கத்திலேயே படுத்தாள். மாமியாரின் வாய் முணுமுணுப்பதைக் கண்டு சாமி கும்பிடுகிறாள் போலும் என்று நினைத்துக் காதைக் கொடுத்தாள். "கொம்பொடிஞ்சது, சுட்டிச்செவலை, மொட்டைக்காதி, மொட்டைக்காதி பிள்ளை, விளாத்திகுளத்துக்காரன்கிட்ட வாங்குன நொண்டி..." கிடையிலிருந்த எழுபது உருப்படியையும் ஒவ்வொன்றாக வரிசைப்படி சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி ஆடு வருவதற்குள் வலி கொஞ்சம் அடங்கும், அல்லது விடிந்துவிடும். "இன்னைக்கு ரெண்டு தடவ எண்ண வேண்டியதாப் போச்சு," என்று ஒருநாள் சொன்னாள். நாலு மாதத்தில் அவள் வலியைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான்.

எட்டு மணிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, உடலைப் பார்த்து ஒரு கத்து கத்திவிட்டு, தாலி இழந்தவளின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விழுவார்கள். விழுந்தவள் சும்மா இருக்கமாட்டாள். முன்னும் பின்னும் ஆட்டி, பாட்டு முடிகிறவரைக்கும் தொங்குவாள். ஒருத்தி விட்டால் அடுத்தவள் வந்து பிடிப்பாள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. கழுத்தைக் கட்டி அழாவிட்டால் துக்கத்துக்கு வந்து துட்டி கேட்டதாகவே கணக்கில்லை.

முதல் ஆளே கடம்பூர் சொர்ணத்தாய். அவள் கட்டி அழுத வீட்டில் எவள் தாலிக்கொடியோ அறுந்து விழுந்ததாகப் பேச்சு உண்டு. முத்துசெல்வி எழுந்து குறுக்கே போகப் பார்த்தாள். அதற்குள் சொர்ணத்தாய் பாய்ந்துவிட்டாள்.

வெள்ளைத்தாய் சுவரில் முதுகைக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் முன்னால் எழுந்தன. வந்தவளின் தோளுக்குக் கீழே, கை தொடங்குகிற இடத்தில் பிடித்து, வந்த வேகத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்த்து, தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். சொர்ணத்தாய் மடியில் கிடந்து அழுதாள். பாடினாள். ஆட்டவும் செய்தாள். ஆடியது வெள்ளைத்தாயின் தொடை மட்டும்தான். கழுத்து சுவரோடு இருந்தது.

முத்துசெல்வி அதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். மயிர் கத்தரிக்கும் நாளில், மிரண்டு ஓடிவருகிற ஆட்டை மாமியார் அப்படித்தான் பிடிப்பாள். எதிர்த்து நிற்கமாட்டாள். ஆடு வந்த வேகத்திலேயே அதைத் திருப்பிக் கிடத்திவிடுவாள். தான் பிடிபட்டது அதற்கே தெரியாது.

அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்தவள் வந்தாள். பஸ்ஸில் வந்தவர்கள், மினிவேனில் வந்தவர்கள், மூன்று மைல் நடந்தே வந்தவர்கள். எல்லோரையும் வெள்ளைத்தாய் வாங்கினாள். எல்லோரும் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, தவசியின் பேச்சையே பேசினார்கள். சந்தையில் வாய்ச்சொல்லுக்கே ஆடு கொடுப்பார் என்றார்கள். நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார் என்றார்கள். ஒருத்திகூட வெள்ளைத்தாயின் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. பிடறித் தழும்பைச் சேலைத் தலைப்பு மூடியிருந்தது.

மதியம் முத்துசெல்வி உறிஞ்சுகுழல் போட்டு மோர் கொண்டுவந்தாள். மாமியாரால் அண்ணாந்து குடிக்க முடியாது. மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. இடது கையின் கடைசி இரண்டு விரலும் உள்ளே மடங்கிக் கிடந்தன.

"மாத்திரை தாரேன் அத்தை. ஒன்னே ஒன்னு."

"அதத் தின்னா கண்ணச் சொக்கும். புருஷன் செத்த அன்னைக்குக் கொறட்டை விட்டாள்னு பேர் வாங்கித் தரப் பாக்கியா?"

"கையெல்லாம் நடுங்குதே."

"நடுங்கட்டும். அவிய பாத்துக்கிட்டா இருக்காவ?" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு குழலில் வாய் வைத்து மோரை உறிஞ்சினாள்.

இரண்டு மணி சுமாருக்கு வாசலில் பேச்சு அடங்கியது. முத்துசெல்வி எட்டிப் பார்த்தாள். பந்தல்காலுக்கு வெளியே கல்யாணசுந்தரி நின்றுகொண்டிருந்தாள்.

தவசியின் ஒரே தங்கச்சி. புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைக்கிற வேலை. தன் மகளைச் செல்வகணேஷுக்குக் கொடுப்பதாக அது பிறந்த நாளிலிருந்து சொல்லிவந்தவள். செல்வகணேஷ் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த முத்துசெல்வியை விரும்பிக் கட்டிக்கொண்டான். "தீப்பெட்டி ஆபீஸ்காரி உள்ள இருக்கிற வரைக்கும் இந்த வாசல்ல என் கால் படாது," என்று தெருவில் நின்று மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனவள் மூன்று வருஷமாக வரவில்லை. வெள்ளைத்தாயின் ஆபரேஷன் சேதியும் அவளுக்குப் போகவில்லை. தவசி இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்தார். வந்த ஆளிடம் முகங்கொடுத்துப் பேசாமலே அனுப்பிவிட்டாள்.

முற்றத்தில் இருந்த அத்தனை கண்ணும் வெள்ளைத்தாய் பக்கம் திரும்பின. பகையாளி வந்து கட்டி அழுதால் பகை அன்றோடு தீர்ந்தது. அழவிடாமல் போனால் அண்ணனோடு அண்ணன் வீடும் அவளுக்கு இல்லை.

கல்யாணசுந்தரி முத்துசெல்வியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காலை உள்ளே எடுத்துவைத்தாள். பெரிய உடம்பு. பெஞ்சைக் கண்டதும் "எண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

வெள்ளைத்தாய் கைகளைத் தூக்கவில்லை.

காலையிலிருந்து எழுந்து எழுந்து ஆள் வாங்கிய கைகள் மடியிலேயே கிடந்தன. முத்துசெல்விக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மற்றவர்களுக்குத் தாங்கள் பிடிக்கப்பட்டது தெரியாது. இவளுக்குத் தெரிந்துவிடும். ஒதுக்கிவிடுவார்களோ என்று தெருமுனையிலிருந்து பயந்துகொண்டே வந்தவளுக்கு, தோளில் படுகிற கை தள்ளுகிற கையாகத்தான் தோன்றும்.

கல்யாணசுந்தரி முழுப் பாரத்தோடு கழுத்தில் விழுந்தாள். வெள்ளைத்தாய் சுவரைவிட்டு ஒரு முழம் முன்னால் வந்தாள். "வருசம் மூணா வரலையே எண்ணே, வந்த அன்னைக்கு நீ பேசலையே எண்ணே..." உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. வெள்ளைத்தாயின் முகத்தில் ரத்தம் இல்லை.

கையைப் பிரித்து இழுத்துவிடலாம். யார் இழுத்தாலும் இழுக்கலாம், முத்துசெல்வி இழுக்கக் கூடாது. அவள் ஓடிப்போய்ச் சுவருக்கும் மாமியார் முதுகுக்கும் நடுவே இருந்த இடத்தில் நுழைந்து மண்டிபோட்டாள். மதுரையில் புரட்டிப் படுக்கவைக்கும்போது நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு உள்ளங்கையையும் மண்டைக்குக் கீழே கொடுத்து, கட்டைவிரலைக் காதுக்குப் பின்னால் வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் முன்னால் போனால் இவளும் போனாள். பின்னால் வந்தால் இவளும் வந்தாள். தலையும் முதுகும் ஒரே கட்டையாக ஆட வேண்டும், இடையில் ஒடியக் கூடாது.

பிடறியில் கோத்திருந்த கல்யாணசுந்தரியின் விரல்கள் முத்துசெல்வியின் விரல்மேல் பட்டன. ஒரு நொடி நின்றன. பிறகு கொஞ்சம் கீழே இறங்கித் தழும்பில் பட்டன. இருபது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்த விரல்கள். மேலிருந்து கீழ்வரைக்கும் தையலைத் தடவிக்கொண்டே போயின. பாட்டு பாதியில் நின்றது.

"மதினி," என்றாள் காதோரம். "என்ன இது?"

"பெறகு சொல்லுதேன். அழு."

"யாரு கீறுனது? எப்ப? எனக்கு ஏன் ஒரு வார்த்தை..."

"அழுட்டிங்கேன். ஒங்க அண்ணன் கிடக்காவ."

கல்யாணசுந்தரி அழுதாள். இந்த முறை பாட்டு இல்லை. கழுத்திலிருந்த கைகள் இறங்கி, வெள்ளைத்தாயின் அக்குளுக்குக் கீழே போய் முதுகைச் சுற்றிக்கொண்டன. அவளைத் தூக்கினாற்போல மெல்லப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தாள். முத்துசெல்வி கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவள் பக்கம் கல்யாணசுந்தரி திரும்பவே இல்லை.

அதற்குமேல் வெள்ளைத்தாயை ஒருத்தியும் தொடவில்லை. கல்யாணசுந்தரி அவளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். புதிதாக வந்த ஒவ்வொருத்தியையும் எட்டிப் பிடித்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "கூடப் பிறந்தவ நான்ல இருக்கேன். எங்கிட்ட வந்து அழு. இங்கன வா." ஒரு கிழவி அவளைத் தாண்டிப் போகப் பார்த்தாள். "ஏன், எங்கழுத்துக்கு என்ன கேடு?" என்று அவள் கேட்டதில் இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நாலரைக்கு நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து உடலைக் குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போடும்போது வெள்ளைத்தாய் குனியவில்லை. முழங்காலை மடக்கி உடம்போடு இறங்கி, புருஷன் வாய்க்கு நேராகக் கை வரும்வரைக்கும் இறங்கி, மூன்று பிடி போட்டாள். எழும்பும்போது யாரையும் பிடிக்கவில்லை. முத்துசெல்வி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. மாமனாருக்காக அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பெண்கள் தெருமுனைவரைக்கும்தான் போகலாம். பாடை போய்க்கொண்டே இருந்தது. ஆவணி மாதம். விதைக்காத கரிசல் காடு கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பாகக் கிடந்தது, மறைக்க ஒரு மரம் இல்லை. சுடுகாட்டுப் பாதை கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு இடப்பக்கமாக வளைந்து ஓடையை நோக்கிப் போகிறது. பாடை வளைவில் திரும்பியது. வெள்ளைத்தாயின் கண்கள் அதோடு ஓரம்வரைக்கும் போய் நின்றன. கழுத்து போகவில்லை. உடம்பைத் திருப்பலாம் என்றால் காலையிலிருந்து மடங்கிக் கிடந்த கால்கள் மண்ணைவிட்டுக் கிளம்ப மறுத்தன. வேட்டுச் சத்தம் மட்டும் காதுக்கு வந்தது.

முத்துசெல்வி மாமியாரின் இடது தோளுக்குக் கையை நீட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

"ஏட்டி," என்றாள் கல்யாணசுந்தரி, முகத்தைப் பார்க்காமல். "நீ அந்தப் பக்கம் பிடி."

ஆளுக்கொரு தோளைப் பிடித்து, இரண்டு பேரும் வெள்ளைத்தாயை இடப்பக்கமாகத் திருப்பினார்கள். அவள் பாதங்கள் புழுதியில் இம்மியிம்மியாக நகர்ந்தன. பாடை சின்னதாகிக்கொண்டே போனது.

"இன்னுங் கொஞ்சம்," என்றாள் வெள்ளைத்தாய்.

இன்னும் கொஞ்சம் திருப்பினார்கள்.