மேயப் போன சொல்

லத்தீன் அகராதி அலுவலகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு 'நோமடெஸ்' என்ற சொல், பொருள் எழுதி வைத்த தன் அட்டையை விட்டு இறங்கி வெளியே போனது. அட்டை இழுப்பறையிலேயே இருந்தது. எழுத்துகள் மட்டும் வரிசையாக வாசற்படியைத் தாண்டின. போன தடத்தில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. பெருக்குகிறவர் வழக்கம்போல அள்ளிக் கொட்டினார்.

அட்டை எழுதுகிறவளுக்கு ஆச்சரியமே இல்லை, ஆத்திரம்தான். ஆற்றோரக் கூடாரத்தில் பிறந்தவள் அவள். அலுவலகத்தில் அவளைக் 'கூடாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு அவள் எழுதியது இவ்வளவுதான்: கிரேக்கத்திலிருந்து வந்தது, வேர்ச்சொல்லின் பொருள் மேய்ச்சல், மந்தையோடு புல் தேடிப் போகிறவர்கள், பெரும்பாலும் பன்மையில்தான் வரும். தலைமைப் பதிப்பாசிரியர் அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் 'நாடற்றோர், திருடர்' என்று எழுதினார். சிவப்பு மை பட்டதை யாரும் திருத்தக் கூடாது என்பது அவர் போட்ட விதி.

"இந்த அர்த்தம் எந்த நூல்ல சார் இருக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா. இதுக்கு நூல் வேற வேணுமா?"

"எங்கம்மா என்னத்தைத் திருடினாங்க? அதையும் எழுதுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அகராதி அப்படியே அச்சாகி வந்தது. சட்டச் சொல்லெல்லாம் லத்தீனிலேயே இருந்த அந்நகரில், நகராட்சி அந்த வரியைக் காட்டியே கூடாரங்களைக் காலி செய்ய அறிவிப்பு அடித்தது. மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அட்டையிலிருந்து மட்டுமல்ல, விற்ற பிரதிகளிலிருந்தும் அறிவிப்பிலிருந்தும் சொல் போய்விட்டது. அறிவிப்போடு வந்த அதிகாரியிடம் அவள் அம்மா கேட்டாள்: "பேரே இல்லாம யாரைப்பா காலி பண்ணச் சொல்ற?" அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அறிவிப்பை ஏழு முறை மறுபடி அச்சடித்தார்கள். மை காய்வதற்குள் சொல் இறங்கி நடந்தது.

'நாடற்றோர், திருடர்' மட்டும் அகராதியை விட்டுப் போகவில்லை. மேலே ஒரு சொல் இல்லாமல் நிற்க முடியாமல், பக்கம் பக்கமாக முன்னே நகர்ந்து, முகப்பில் தலைமைப் பதிப்பாசிரியர் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டன.

"அழிச்சிடும்மா," என்று அவர் முதல்முறையாக அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"சிவப்பு மை பட்டதை யாரும் தொடக்கூடாது சார். உங்க விதிதான்."

அவர் ஓய்வு பெற்ற பிறகு அவள் தன் பழைய வரிகளையே அட்டையில் எழுதினாள். சொல் திரும்பி வந்தது, ஆனால் தங்கவில்லை. ஆற்றோரம் புல் வளரும் மாதங்களில் அகராதியில் அது இருக்காது. தேடுகிறவர்கள் ஆற்றோரம் போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள்.