ரெண்டு சொட்டு முதுகுத்தண்டு நீர்

எங்க லேப்ல இருந்த மெஷினுக்கு நாங்க வெச்ச பேரு மாமியார். ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆனாலும் மூஞ்சியைத் தூக்கிக்கும். பதினாறு வருஷம் அதோட குடித்தனம் பண்ணினவ நான்.

என் தங்கச்சி புள்ளைக்கு அப்ப நாலு மாசம். கழுத்து நிக்கல. கை கால் துவண்டு கிடக்கும், திடீர்னு கண்ணு மேல சொருகிக்கும். மூளையில சுரக்கிற அமீன்ங்கிற வகை ரசாயனம் குறைவா இருக்கலாம், அதுதான்னு தெரிஞ்சா மருந்து இருக்குன்னாரு பெரிய டாக்டர். முதுகுல ஊசி போட்டு ரெண்டு சொட்டு நீர் எடுத்து, ஐஸ்ல வெச்சு அனுப்பினாங்க.

"நீ பார்த்தாத்தான் எனக்கு நம்பிக்கைக்கா"ன்னா தங்கச்சி.

அந்த அமீன் இருக்கே, துளியிலும் துளி. மெஷினுக்கே கண்ணுல படாது. அதனால ஒளி விடற சாயத்தை அது மேல ஒட்ட வெச்சு, குழாய் வழியா தள்ளுவோம். ஒவ்வொண்ணும் தன் நேரத்துக்கு வந்து மினுக்கும், பேப்பர்ல கோடு ஏறி இறங்கும். ஆனா சாயத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. எந்த அமீன் கிடைச்சாலும் போய் ஒட்டிக்கும். அதனால சாயத்தோட சேர்த்துக் கலக்குற திரவத்துல மட்டும் அமீன் இருக்கவே கூடாது.

அன்னிக்கு நான் எடுத்தது வேற டெஸ்ட்டோட பாட்டில். அந்தத் திரவமே ஒரு அமீன்.

கோடு ஏறுச்சு, ஏறுச்சு, இறங்கவே இல்ல. பக்கத்து மேஜை சோடாபுட்டி எட்டிப் பார்த்தான். "என்னக்கா, மலை ஏறப் போறீங்களா?"ன்னு சிரிச்சவன், என் கையில இருந்த பாட்டிலைப் பார்த்ததும் வாயை மூடிக்கிட்டான். மொத்த சாயத்தையும் அந்தத் திரவமே தின்னுடுச்சு. அந்த ரெண்டு சொட்டு நீர்ல மிச்சம்னு எதுவும் வைக்கல நான்.

வார்டுக்குப் போய் நின்னேன். "பாட்டில் மாத்தி எடுத்துட்டேன்டி."

"அப்ப திரும்பக் குத்தணுமா?"

"ஆமா."

புள்ளை வாயோரம் வழிஞ்ச பாலைத் துடைச்சா. "சரி, குத்தட்டும். நீ சாப்பிட்டியா?"

அன்னிக்கே புள்ளைக்குக் காய்ச்சல் கண்டுச்சு. அது விட்டதும் எடுக்கலாம்னாங்க. விடல. அஞ்சாம் நாள் புள்ளை போயிடுச்சு.

இப்ப மாதிரி ஜீன் டெஸ்ட்டெல்லாம் அப்ப ஏது? ஒண்ணரை வருஷம் கழிச்சு, துணி மடிச்சிக்கிட்டே கேட்டா தங்கச்சி. "இன்னொண்ணு பெத்துக்கிட்டா அதுக்கும் வருமாக்கா?"

"தெரியலடி."

டாக்டரும் கையை விரிச்சுட்டாராம். நோய் என்னன்னே தெரியாம அவர்தான் என்னத்தச் சொல்வாரு?

மடிச்ச துணியை எல்லாம் பீரோவுல அடுக்கி முடிச்சா. "அப்ப வேண்டாம்க்கா"ன்னா.

பெத்துக்கவே இல்ல.