ஒன்பதுக்குப் பின்னால் ஐந்து

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. தொலைபேசி மணி அடித்துத் தொடங்கும் கதைகளை நான் படிக்காமல் மூடிவிடுவேன். ஆனாலும் நடந்தது அதுதான்; வேறு நல்ல பொய் எதுவும் தோன்றவில்லை. போன கோடையில் மிலானிலிருந்து ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்காரர் பேசினார். பழைய கால்பந்தாட்டக்காரர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று வாரம் ஒருவரைப் பற்றிப் போடுகிறார்களாம். என் கணவன் நூன்ஸியோ லகனாவைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம்.

"எனக்கு என்ன எழுதத் தெரியும்? எழுதுறவ நீதான மேனா. நீயே எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டு நூன்ஸியோ தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டான்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கதைகள் எழுதுகிறேன், சில அச்சிலும் வந்திருக்கின்றன. ஒரு பக்கம் எனக்குப் பெரிய வேலையா? இப்படித் தொடங்கினேன்:

நூன்ஸியோ லகனா, தெற்கே காலாப்ரியாவின் கடலோர ஊரொன்றில் மீன்காரர் மகனாகப் பிறந்து, இரண்டாம் பிரிவு லீக்கில் ஒன்பதாம் எண் சட்டை அணிந்து

அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஒன்பது என்று எழுதியதும் அதன் பின்னால் ஐந்து வந்து நின்றுகொண்டது. ஒருவனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இன்னொருவரும் கூடவே வந்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

2

ஐந்தாம் எண் என்பது எர்மெஸ் ஸம்போன். வடக்கே, போ ஆற்றங்கரையில் போர்காரா என்ற ஊரின் அணியில் தடுப்பாட்டக்காரர். (என் கணவனை 'அவன்' என்றும் எர்மெஸை 'அவர்' என்றும் எழுதப்போகிறேன். மரியாதைக் கணக்கு ஒன்றுமில்லை. மைதானத்தில் இருவரும் ஒட்டியே நிற்பார்கள், உங்களுக்குக் குழம்பக்கூடாது.)

அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் தடுப்பாட்டக்காரருக்குக் காவல் காக்க இடம் கொடுக்க மாட்டார்கள், ஆளைக் கொடுப்பார்கள். இவன் உன் ஆள், கக்கூஸ் போனாலும் கூடவே போ என்பார் பயிற்சியாளர். நூன்ஸியோ எர்மெஸின் ஆள். இரண்டு அணிகளும் மேல்பிரிவுக்கு ஏறுகிற அளவு நன்றாகவும் ஆடவில்லை, கீழே விழுகிற அளவு மோசமாகவும் ஆடவில்லை. அதனால் ஒவ்வொரு பருவத்திலும் அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை, இவர்கள் சந்தித்தே ஆகவேண்டும். ஆட்டம் முழுக்க ஒருவர் மூச்சு மற்றவர் பிடரியில்.

"டேய் களிதின்னி, சட்டைய விடுடா."

"நீ ஓடுறத நிறுத்து மண்ணாந்தை, விடுறேன்."

(வடக்கத்தியருக்குச் சோளக்களி, தெற்கத்தியருக்கு மண். எங்கள் நாட்டில் ஒருவரையொருவர் இப்படித்தான் வைதுகொள்வார்கள். இந்த இரண்டு வார்த்தைகளுக்காகப் பிள்ளைகளை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.)

நூன்ஸியோ என்னைக் கட்டிக்கொள்ளப்போகும் செய்தியை முதலில் யாரிடம் சொன்னான் தெரியுமா? அவன் அம்மாவிடம் இல்லை, என்னிடம்கூட இல்லை. ஒரு கார்னர் உதைக்காகக் காத்து நிற்கும்போது, விலாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்த எர்மெஸிடம் சொல்லியிருக்கிறான்.

"எர்மெஸ், கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"யாரு பொண்ணு?"

"டீச்சர்."

"ஐயோ பாவம்."

"யாரு, நானா?"

"அந்தப் பொண்ணுடா."

பந்து இருவர் தலைக்கும் மேலே போய்விட்டது. இதை எனக்குச் சொன்னவர் எர்மெஸ். போன கோடையில், எங்கள் சமையலறை மேசையில், நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது. நூன்ஸியோ காது மடல் சிவக்க, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

3

இந்தப் பகுதியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.

எர்மெஸின் அப்பா இறந்த வாரம் இரண்டு அணிகளுக்கும் ஆட்டம் இருந்தது. எர்மெஸ் ஆட வந்தார். முதல் பாதியிலேயே கண்ணிலிருந்து நீர் வழிய ஆரம்பித்துவிட்டது. தலை குனிந்து நூன்ஸியோவின் பின்னால் நடந்துகொண்டிருந்தார். ஒரு கோலாவது அடித்துவிடலாம் என்று எந்த முன்கள ஆட்டக்காரனுக்கும் தோன்றியிருக்கும். நூன்ஸியோ ஓடவில்லை. மைதானத்தின் ஓரமாகப் போய் நின்றுகொண்டான். அவன் நின்றதால் எர்மெஸும் நின்றார். பந்து வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் கத்தித் தீர்த்துவிட்டு நூன்ஸியோவை வெளியே எடுத்துவிட்டார்.

இதை எழுதி மேசையில் படித்துக் காட்டினேன்.

"சும்மா கத கட்டாத மேனா. எனக்குக் கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சு, அதான் நின்னேன்" என்றான் நூன்ஸியோ.

"எந்தக் கால்?" என்றார் எர்மெஸ்.

"வலது."

"போன வருஷம் இடதுன்ன."

"ரெண்டும்தான்டா! உனக்கென்ன இப்ப?"

எர்மெஸ் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். ஆகவே இந்தப் பகுதி இருக்கட்டும். கெண்டைக்காலும் இருக்கட்டும்.

4

ஒருவேளை கதையை இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்:

போர்காராவுக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். அவர்

இல்லை, அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. காலம் மாறிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். இனி யாரும் ஆளைத் தொடரக்கூடாது. ஆளுக்கொரு இடம், அந்த இடத்துக்குள் வருகிறவனை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். அந்த ஆண்டு நூன்ஸியோவின் அணி போர்காராவுக்குப் போனபோது வசந்தகாலம். ஆட்டம் தொடங்கியதும் நூன்ஸியோ வழக்கம்போல இடப்பக்கம் நகர்ந்தான். பின்னால் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தான்.

"எங்கடா போற? நான் இங்க இருக்கேன்."

"தெரியுது. இனிமே நான் இந்த எடத்தத்தான் பாத்துக்கணுமாம்."

"எடம் கோல் அடிக்குமாடா?"

எர்மெஸ் யாரும் இல்லாத புல்தரையைக் காவல் காத்துக்கொண்டு நின்றார்.

நூன்ஸியோ கோல் அடித்தான். அவ்வளவு சுலபமான கோலை வாழ்நாளில் அடித்ததில்லையாம். "கடையில போயி ரொட்டி வாங்குற மாதிரி இருந்துச்சு மேனா. சந்தோஷமே வரல." இரண்டாவது பந்தும் அப்படியே வந்தது. அதைப் பிடிக்க ஓடினான். போர்காராவின் கோல்கீப்பர், இளம் பையன், கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தான். நூன்ஸியோவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக ஒடிந்தது. என் கணவனின் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

அந்த நேரத்தில் எர்மெஸ் எவ்வளவு தள்ளி நின்றார்? கதைக்கு இது முக்கியம். கேட்டேன்.

நூன்ஸியோ தோட்டத்தில் இருந்தபோது எர்மெஸ் தனியாகச் சொன்னார் (என்னை சிஞோரா, அம்மணி என்றுதான் கூப்பிடுவார்): "கை நீட்டுனா தொடுற தூரம் சிஞோரா. அப்படியே எழுதுங்க. நான் நகர்ந்திருக்கலாம்."

எர்மெஸ் குளிக்கப் போனபோது நூன்ஸியோ தனியாகச் சொன்னான்: "பாதி மைதானம் தள்ளி நின்னான். பறந்து வந்தாலும் எட்டியிருக்க மாட்டான். அப்படியே எழுது."

அந்த ஆட்டத்தை யாரும் படம்பிடிக்கவில்லை. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். இருவருமேகூடச் சொல்லலாம். தூரத்தை எழுதாமல் விடுகிறேன்.

5

மருத்துவமனைக்கு நானும் என் மாமியார் ரக்கேலேயும் இரவு ரயிலில் மறுநாள் காலை போய்ச் சேர்ந்தோம். அறுவை அறைக்கு வெளியே, நாற்காலிக்குள் அடங்காத ஒரு நெட்டை மனிதர், ஆட்டச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஐந்து. மகன் உடம்பில் வருடாவருடம் பார்த்த கிள்ளலும் கன்றலும் மாமியாருக்கு மறக்குமா?

"எம்புள்ள கால ஒடச்சிட்டு இங்கயே வந்து குந்தியிருக்கியா, பாவி!"

கையில் இருந்த குடையால் அடிக்கத் தொடங்கிவிட்டார். எர்மெஸ் எழுந்து நின்றார். மாமியார் குள்ளம், குடை எர்மெஸின் இடுப்போடு நின்றது. நான் இல்லை அம்மா, கோல்கீப்பர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்தார். அந்த அம்மாவுக்குத் தோள் எட்டட்டும் என்று.

"குனியல சிஞோரா. தொப்பி கீழ விழுந்துச்சு, எடுத்தேன்" என்கிறார் எர்மெஸ்.

"நீ எந்தக் காலத்துலடா தொப்பி போட்ட?" என்கிறான் நூன்ஸியோ.

"அன்னிக்குப் போட்டிருந்தேன்."

நான் அங்கே இருந்தேன், தொப்பி எதுவும் இல்லை. இருந்தாலும் நான் கதை எழுதுகிறவள், என்னை முழுசாக நம்பாதீர்கள்.

மயக்கம் தெளிந்ததும் நூன்ஸியோ முதலில் பேசியது அம்மாவிடம்தான். "அம்மா, இவன் இல்லம்மா. இவன் பக்கத்துல இருந்திருந்தா எனக்குப் பந்தே வந்திருக்காது."

மாமியார் குடையைக் கீழே வைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து, மகனுக்காகக் கொண்டுவந்திருந்த, கத்திரிக்காய் பொரித்து வைத்த ரொட்டியைப் பிய்த்து, பெரிய பாதியை எர்மெஸிடம் நீட்டினார். அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதார். காரம் என்று நினைத்துக்கொண்ட மாமியார் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

6

எர்மெஸின் ஆட்டமும் நீடிக்கவில்லை. இடத்தைக் காக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. யாரோ ஒரு பையன் பந்தோடு ஓடினால் கால்கள் தாமாக அவன் பின்னால் போய்விடும். பயிற்சியாளர் கத்துவார், கூட்டம் சிரிக்கும். ஒரு பிரிவு கீழே போய் ஆடிப்பார்த்தார். பிறகு சொந்த ஊரில் டயர் கடை போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜூன் பிறந்ததும் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் நாளே நூன்ஸியோ அவர் தட்டில் மிளகாய்த் தொத்திறைச்சியை மறைத்து வைப்பான். அவர் முகம் சிவந்து இருமுவார். கோடை தொடங்கிவிட்டது என்று தெருவுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. நூன்ஸியோ அந்த ஆட்டத்துக்குப் பிறகு வடக்கே காலடி எடுத்து வைக்கவில்லை. எர்மெஸும் ஒரு நாள்கூட வா என்று கூப்பிட்டதில்லை.

(பத்திரிகையில் அந்த வாரப் பகுதியையே நிறுத்திவிட்டார்களாம். நான் நிறுத்தவில்லை.)

7

இந்த ஜூனில் எர்மெஸ் வரவில்லை. கடையில் வேலை என்றார். ஜூலையில் முதுகுவலி என்றார். நூன்ஸியோ தொலைபேசியைப் பிடுங்கினான்.

"உண்மையச் சொல்லுடா."

எர்மெஸ் சொல்லிவிட்டார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இயந்திரத்தில் படுக்க வேண்டும். ஊரைவிட்டு நகர முடியாது.

நூன்ஸியோ மறுநாளே பெட்டியைக் கட்டினான். தாங்கி நடக்கிற காலோடு, இத்தாலியின் அடியிலிருந்து நுனிவரை ரயிலில்.

"அங்க போயி நீ என்ன பண்ணப்போற? டாக்டரா நீ?" என்றேன்.

"பக்கத்துல நிப்பேன்" என்றான்.

இங்கே கதையை முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடித்தேன், தாளில் புள்ளியும் வைத்துவிட்டேன். அப்புறம் அக்டோபர் வந்தது. அவன் திரும்பி வரவில்லை.

8

போன ஞாயிறு நூன்ஸியோ கூப்பிட்டான்.

"மேனா, கடை மாடியில ஒரு ரூம் காலியா கெடக்கு. ஜன்னல் ஓரமா மேச போட்டுட்டேன். நீ இங்க வந்துடேன். இங்கயும் எழுதலாம்."

"இங்க கடல் இருக்கே."

"இங்க ஆறு இருக்கு."

"உங்க மூடுபனியில ஆறு கண்ணுக்குத் தெரியுமா?"

"சத்தம் கேக்கும்."

போ ஆறு சத்தமே போடாது. பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான்.

செவ்வாய்க்கிழமை எர்மெஸ் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் எனக்கென்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"சிஞோரா, அவன் ரொட்டி வாங்கப் போயிருக்கான், சீக்கிரம் சொல்லிடுறேன். அவன வீட்டுக்குக் கூப்பிட்டுக்குங்க. இந்த ஈரத்துல அவனுக்குக் கால் தாங்கல. தூக்கத்துல முனகுறான். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க கூப்பிட்டா வருவான்."

"நீங்க?"

"எனக்கென்ன, மெஷின் இருக்கு." பிறகு அவசரமாக, "வந்துட்டான். நான் பேசுனேன்னு சொல்லிடாதீங்க."

இயந்திரம் எங்கள் ஊர் மருத்துவமனையிலும் உண்டு. போய்க் கேட்டேன். இடமில்லை, காலியானால் சொல்கிறோம் என்று எர்மெஸின் பெயரை வாங்கிவைத்தார்கள். காலியாவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதற்காக வேண்டிக்கொள்ள முடியாது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறேன்; மூடுபனியில் மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சோளக்களி தின்கிறோம்; எனக்குக் கடல் இல்லாமல் ஒரு வரிகூட வரவில்லை. இன்னொன்றில் நூன்ஸியோவைக் கூப்பிடுகிறேன். அவன் வருகிறான், வந்து தோட்டத்தில் நிற்கிறான், திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். மூன்றாவதில் மருத்துவமனையிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு

அதை முடிக்கவில்லை.

ஒரு பக்கம்தான் கேட்டார்கள். நான் கணவனை எழுத உட்கார்ந்து, அவன் நண்பரை எழுதி, கடைசியில் பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் வந்து நிற்கிறேன். அவளை மட்டும் எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆகவே அவளை உங்களிடம் விடுகிறேன். யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் சொல்வார்கள்; ஆனால் இந்த மூவரையும் இப்போது தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

யோசித்தே சொல்லுங்கள். ஆனால் ரொம்ப நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாடி அறைக்கு அடுப்பு வாங்கட்டுமா என்று நூன்ஸியோ இன்று காலையும் கேட்டான். பின்னாலிருந்து எர்மெஸ், வாங்காத, வாங்காத என்று கத்திக்கொண்டிருந்தார்.